599 என்றொரு மரியாதை

ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தது. இன்டர்காம் அடித்தது. எங்கள் வாட்ச்மேன் பேசினார்.

“மேடம், உங்களுக்கு ஒரு டவர் வந்துகீது. உள்ள உடலாமா?”

எங்கள் வீட்டுக்குக் கூரியர் வரும், தண்ணீர் கேன் வரும், வழி தவறி எதிர் வீட்டுப் பிரியாணிகூட ஒருமுறை வந்தது. டவர் வந்ததில்லை. “என்ன டவர்?” என்றேன்.

“இரும்பு டவரு மேடம். குட்டி யானைல படுத்துக்கினு கீது. வால்ல செகப்புத் துணி கட்டிக்கிறாங்க.”

பால்கனியில் போய் எட்டிப் பார்த்தேன். மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஓர் ஆட்டோவும் ஒரு மாடும் எதிரெதிரே வந்தால் ஏதாவது ஒன்று பின்வாங்க வேண்டும். அந்தத் தெருவை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு குட்டி யானை வண்டி நின்றது. அதன் மேல் மூன்று துண்டு இரும்புச் சட்டங்கள். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் இறங்கி, எங்கள் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் எல்லாம் பிடித்துப்போனவரைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

வாட்ச்மேன் தொடர்ந்தார். “பேரு பரீத்துன்றாரு. மணி சார்தான் வரச் சொன்னாராம். நம்ம அபார்ட்மெண்ட்ல மணி சாரே இல்லன்னேன். ஒரு கார்டு காட்றாரு மேடம். அதுல உங்க அட்ரஸ் போட்டுக்கீது.”

அந்த மணி சார் நான்தான். முழுப்பெயர் மணிமேகலை. பரீத் பாயுடன் பதினோரு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்குப் பேசுகிறேன். அவர் முகத்தை அன்றுதான் முதல் தடவையாக, அதுவும் மூன்றாவது மாடியிலிருந்து, பார்த்தேன்.

டவரை அனுப்பச் சொன்னேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கவும் கூடும்.

தட்டச்சுக்குப் போய்த் தந்தி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் கல்லூரி அலுவலகத்துப் பூனையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்களுக்கு உருப்படியான பொழுதுபோக்கு எதுவும் கிடையாதா?” என்று கேட்டிருந்தார். கிடையாது. இருப்பது ஒன்றுதான். அதை உருப்படி என்று என் கணவர்கூடச் சொன்னதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால், தி.நகரில் ஒரு மாடியில் தட்டச்சு வகுப்பில் சேரப் போனேன். இடம் இல்லை, அடுத்த மாதம் வா என்றார்கள். பக்கத்து அறையில் ஏழெட்டுப் பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இடம் இருந்தது. அடையாறிலிருந்து பஸ்ஸுக்கு நின்று, நசுங்கி வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்ற கோபத்தில் அங்கே சேர்ந்துவிட்டேன். அது மோர்ஸ் என்ற தந்தி மொழி வகுப்பு. புள்ளி, கோடு, புள்ளி, கோடு. என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இப்படி எரிச்சலில் எடுத்தவைதான்.

ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது. மைக்கில் பேசலாம். சிலர் மைக்கைத் தொடாமல், கீ என்று நாங்கள் சொல்லும் சின்னக் கட்டையைத் தட்டி மோர்ஸில்தான் பேசுவோம். ஏன் என்று கேட்காதீர்கள். போன் இருக்கும்போது ஏன் என்று இந்த வீட்டில் ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டாகிவிட்டது.

பெரிய மாமியார் ஒருத்தர், அதாவது என் மாமியாரின் அக்கா, நான் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பல்லி மாதிரி இருக்கு. நல்லதுக்கா கெட்டதுக்கா?” என்று கேட்டார். நான் கிழக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறேனா என்றும் கவனித்துக்கொண்டார்.

எல்லோரும் கிழவர்கள்

ஒவ்வோர் எழுத்தையும் மணிக்கட்டு வலிக்கத் தட்ட வேண்டும் என்பதால் மோர்ஸில் எல்லாவற்றுக்கும் சுருக்கம் உண்டு. மனிதர்கள் எல்லோரும் ஓஎம். ஓல்ட் மேன், கிழவர். பதினாறு வயதுப் பையனும் ஓஎம்தான், பல் போன தாத்தாவும் ஓஎம்தான். பெண் என்று தெரிந்தால் ஒய்எல், இளநங்கை. அவளே ஒருவருக்கு மனைவி ஆகிவிட்டால் எக்ஸ்ஒய்எல், முன்னாள் இளநங்கை. இதை யோசித்து வைத்த மகானுக்கு ஒரு மனைவி இருந்திருப்பார், அந்த வீட்டில் ஒரு பூரிக்கட்டையும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆர் என்றால் கிடைத்தது, அனைத்தும் பெற்றுக்கொண்டேன். எஃப்பி என்றால் பிரமாதம். 73 என்றால் அன்பும் வணக்கமும். சிரிப்புக்கு எச்ஐ. நாலு புள்ளி, இரண்டு புள்ளி. காதில் கேட்டால் உண்மையிலேயே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போலத்தான் இருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாக அழைத்தேன். ஜப்பான்காரர் யாராவது பிடிபடுவார் என்று ஆசை. பதில் சொன்னது ராயப்பேட்டை. பெயர் பரீத், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் என்றார். நான் என் பெயரைச் சுருக்கி மணி என்றேன். அவர் என்னை ஓஎம் என்றார். திருத்தப் பத்து எழுத்தாவது தட்ட வேண்டும், விட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் மணி சார்.

முதல் தொடர்புக்குப் பிறகு அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். இந்த நாளில் இந்த நேரத்தில் பேசினோம் என்பதற்கு அத்தாட்சி. நேரில் கொடுத்தால் மரியாதை இல்லை. எல்லா அட்டைகளும் எங்கோ வடக்கே இருக்கும் ஒரு சங்கத்துக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, திரும்பி வர வேண்டும். ராயப்பேட்டையிலிருந்து மந்தைவெளி நாலு கிலோமீட்டர். பரீத் பாயின் அட்டை ஒன்றரை வருடத்தில் வந்தது. சந்தோஷமாக இருந்தது. அதன்பின் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்பீர்கள். வெயிலைப் பற்றி. இங்கே வெயில் அதிகம் என்று ராயப்பேட்டை மந்தைவெளிக்குத் தெரிவிக்கும். இங்கேயும் என்று மந்தைவெளி ராயப்பேட்டைக்குத் தெரிவிக்கும். ஐப்பசியில் மழை. இப்படி ஒன்பது வருடம் ஓடியது.

பிரமாதம், திரும்பச் சொல்லவும்

இனி 599. இது தெரியாவிட்டால் டவர் ஏன் வந்தது என்பது புரியாது.

எதிரில் இருப்பவரின் சிக்னல் எப்படி இருக்கிறது என்று மூன்று இலக்கத்தில் மதிப்பெண் போடுவோம். முதலாவது, புரிகிறதா என்பதற்கு, ஐந்துக்கு. இரண்டாவது, வலுவுக்கு, ஒன்பதுக்கு. மூன்றாவது, ஒலியின் சுத்தத்துக்கு, அதுவும் ஒன்பதுக்கு. 599 என்றால் நூற்றுக்கு நூறு.

நடைமுறையில் எல்லோரும் எல்லோருக்கும் 599தான் போடுவோம். உலகம் முழுக்க இப்படித்தான். “உங்கள் சிக்னல் 599, பிரமாதம். உங்கள் பெயரை நாலு தடவை திரும்பச் சொல்லவும்” என்று கேட்பவர்களோடு நானே பேசியிருக்கிறேன். குறைத்துப் போட்டால் கல்யாண வீட்டில் கையைக் கழுவிக்கொண்டே சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வது போல ஆகிவிடும்.

என் கணவர் சேகர் காலையில் ஒரு காபி போடுவார். டாக்டர் சொன்னதைக் கேட்டுச் சர்க்கரையைக் குறைத்தார், பாலையும் குறைத்தார், பிறகு அவராகவே டிகாக்‌ஷனையும் குறைத்தார். வெந்நீருக்குக் காபியைத் தூரத்திலிருந்து அறிமுகப்படுத்தியது போல இருக்கும். தினமும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். 599 அந்த மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படிகளில் செயலாளர் பத்மநாபன் புதிதாக எல்ஈடி விளக்குகள் போட்டார். மலிவு விளக்குகள். அன்றிலிருந்து என் ரேடியோவில் ஆறு மணிக்கு அரிசி மில் ஓடும் சத்தம். அதற்குள்ளே எங்கேயோ பரீத் பாய் தட்டிக்கொண்டிருப்பார். அவர் சிக்னலும் மெலிந்துவிட்டது. தொடக்கமும் முடிவும் மட்டும் பழக்கத்தில் பிடிபடும். நடுவில் வெயில்தானே, வேறென்ன சொல்லிவிடப் போகிறார் என்று நான், “ஆர் ஆர், எஃப்பி, 599” என்பேன். அவரும் எனக்கு 599 தருவார்.

கேட்கவில்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் ஒரு வாரமாகப் பொய் சொன்னது வெளியாகும். ஒரு மாதம் ஆனதும் அது முடியாத காரியமாகிவிட்டது.

ஒரு சிரிப்பு

அந்த விளக்குகள் வந்த சமயம்தான் சேகருக்கு பைபாஸ். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, குளித்து மாற்றுடை எடுத்துப் போக விடியலில் வீட்டுக்கு வந்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. நாத்தனார்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்ததால் நான் அழ இடம் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்து, எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணி. கை தானாக ரேடியோவைப் போட்டது.

தட்டினேன். “என் ஓஎம்முக்கு இன்று எட்டு மணிக்கு இதய ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது.” ஆமாம், கணவருக்கும் எங்கள் பாஷையில் ஓஎம்தான்.

பதில் வந்தது. “ஆர் ஆர். எஃப்பி ஓஎம். இங்கே வெயில் அதிகம். எச்ஐ எச்ஐ. 73.”

எல்லாம் பெற்றுக்கொண்டேன், பிரமாதம், வெயில் அதிகம், ஹஹ்ஹா. இரைச்சலுக்குள் அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அரை நிமிடம் ராயப்பேட்டைக்கு நேரில் போய் அந்த ஆளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கொதித்தேன். பிறகு வேறு மாதிரி தோன்றியது. இந்த மனிதர் எத்தனை பார்த்திருப்பார். இவர் சிரிக்கிறார் என்றால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். அந்த நாலு புள்ளி இரண்டு புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சேகர் பிழைத்தார். பரீத் பாயை நான் அன்றிலிருந்து ஒரு ஞானியின் கணக்கில் வைத்துவிட்டேன்.

கேள்விக்குறி

டவர் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு காலை, பரீத் பாய் வழக்கத்தைவிட நெடுநேரம் தட்டினார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கடைசியில் கேள்விக்குறி மட்டும் கேட்டது. மோர்ஸில் அது நீளம், தப்பவே தப்பாது. என்ன கேட்டிருப்பார்? மழை வருமா என்று கேட்டிருப்பார்.

“ஆர் ஆர். எஃப்பி” என்றேன்.

அவர் நன்றி சொன்னார். மூன்று முறை சொன்னார். வெயில் காலத்தில் ஒரு மழைக்கு மூன்று நன்றி கொஞ்சம் அதிகம் என்று அப்போதே நினைத்தேன், ஆனால் தோசை மாவு புளித்துக்கொண்டிருந்தது.

கேட்டில்

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நானும் சேகரும் கீழே இறங்கிப் போனோம். பரீத் பாய் சேகரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்து அணைத்துக்கொண்டார்.

“மணி சார். கடைசில பாத்துட்டோம்.”

சேகர் நல்ல மனிதர். யாராவது அணைத்தால் திருப்பி அணைத்துவிடுவார். அணைப்பு முடிந்த பிறகு, “மணி இவங்க” என்று என்னைக் காட்டினார்.

பரீத் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பதினோரு வருஷமா ஓஎம்முன்னு சொல்லிக்கினு இருந்தனேம்மா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“பரவாயில்ல பாய். டவர் எதுக்குன்னு...”

“நீங்கதான் எஃப்பின்னு சொன்னீங்களேம்மா.” பிறகு, நான் உற்சாகத்தில் பேச்சிழந்து நிற்பதாக நினைத்து, முழுவதையும் சொன்னார். ராயப்பேட்டை வீட்டை இடிக்கிறார்கள். அவர் நேற்றுதான் வேளச்சேரியில் மகள் வீட்டுக்குப் போனார். ஆறாவது மாடி. அங்கே ஒரு கொடிக்கம்பி கட்டக்கூட அனுமதி இல்லை. “உங்க மாடில என் டவர வெச்சிக்கறேன், காலைல பறக்கும் ரயில்ல வந்து அங்கேருந்தே தட்டிட்டுப் போறேன், சரியான்னு கேட்டேன். ரெண்டாவது நிமிஷமே பிரமாதம்னீங்க. எம் பொண்ணுகிட்ட சொன்னேன், பாரு, இவன்தான்டா ஃப்ரெண்டுன்னு.” இங்கே கொஞ்சம் தயங்கி, “இவங்கதான்” என்று திருத்திக்கொண்டார்.

“இங்க வைக்க முடியலைன்னா?” என்றார் சேகர்.

“காயலான் கடதான். எடம் இல்லாத ஆளுக்கு டவர் இன்னாத்துக்கு? மிஷினையும் குடுத்துடுவேன். அறுபத்தாறு வயசுல காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு சும்மா ஒக்காந்துக்கினு இருக்கணும். அவ்ளோதான்.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்கவேயில்லை பாய், இரண்டு வருடமாக ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வண்டியில் படுத்திருந்த டவரைப் பார்த்தேன். துருவேறாமல் அலுமினியப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார், எனக்கு அனுப்புவதற்காகவே அடித்தது போல இருந்தது. பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றேன்.

டம்ளர்

செயலாளர் வரும்வரை மேலே வந்து காபி சாப்பிடுங்கள் என்று அழைத்துப் போனேன். அவர் சோபாவில் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். பதினோரு வருட நட்பு. ஒருவருக்கொருவர் பேச ஒன்றும் இல்லை.

“வெயில்” என்றார்.

“ஆமா பாய்.”

மின்விசிறி சுற்றியது. அவர் காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் கிழிக்க வேண்டிய தாள்கூட இல்லை.

பிறகு அவர் விரல் நகம் டம்ளரில் தட்டியது. வேண்டுமென்று இல்லை, பழக்கம். பெண்ணின் வீடு ரொம்ப உயரம், தலை சுற்றுகிறது என்று தட்டியது. என் மோதிரம் நாற்காலிக் கையில் பதில் சொன்னது. உடனே கொட்ட ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை எப்படி, கடையை யாருக்கு விட்டார், மூட்டு வலி, மெட்ரோ வேலைக்காக ராயப்பேட்டையில் ஓடும் ஜெனரேட்டர். சேகர் டென்னிஸ் பார்ப்பவரைப் போல டம்ளரையும் நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பத்மநாபன் உள்ளே வந்தார். வாயைத் திறக்காமல் இரண்டு பேர் உட்கார்ந்து சாமான்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பத்மநாபனுக்கு என் ஆன்டெனா ஒயரைக் கண்டால் ஆகாது. லிஃப்ட் நின்றால் அந்த ஒயர். பால் திரிந்தால் அந்த ஒயர். இரண்டாவது மாடிப் பையன் கணக்கில் ஃபெயிலானதற்கும் அதுதான் காரணம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அவர் போட்ட விளக்குகள்தான் என் ரேடியோவைக் கெடுக்கின்றன என்று நான் எழுதிய பதிலுக்கு இன்னும் பதில் இல்லை.

“மேடம், வாசல்ல என்ன அது? நம்ம மொட்டை மாடியில ரயில்வே ஸ்டேஷனா கட்டப்போறேள்?” என்றார். “ஏற்கெனவே அந்த ஒயரால ஆத்துல ஒரு சீரியல் நிம்மதியாப் பார்க்க முடியறதில்லை. ஹீரோயின் வாயைத் திறந்துண்டு அப்படியே நிக்கறா. இப்போ டவர் வேற. கமிட்டி ஒத்துக்காது. வண்டியைத் திருப்பச் சொல்லுங்கோ.”

எனக்குக் கோபம் வந்தால் வாதம் வராது, சத்தம்தான் வரும். சத்தம் போட்டேன். அதில் பாதி எல்ஈடி விளக்குகளைப் பற்றியது. பரீத் பாய் எழுந்து ஜிப்பாவை நீவிவிட்டுக்கொண்டு, “வேணாம்மா, உங்களுக்குக் கஷ்டம். நான் கௌம்பறேன்” என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது சேகர், ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்தது போல, “பத்மநாபன் சார், கொடிக்கம்பம் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே?” என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போன குடியரசு தினத்தன்று எங்கள் மொட்டை மாடியில் மூங்கில் கம்பில் கொடியேற்றினோம். சிறப்பு விருந்தினராக வந்த பல் டாக்டர் கயிற்றை இழுத்தார். கம்பு மெதுவாகச் சாய்ந்து அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. அதை எதிர் அபார்ட்மெண்ட்காரர்கள் தங்கள் மாடியிலிருந்து பார்த்தார்கள். அவர்களிடம் இரும்புக் கம்பம் இருக்கிறது. பத்மநாபன் அன்றிலிருந்து அந்தப் பக்க ஜன்னலைத் திறப்பதில்லை.

“எதிர் வீட்டுக் கம்பம் இருபது அடி இருக்குமா?” என்றார் சேகர்.

“பதினெட்டுதான்” என்றார் பத்மநாபன், அளந்து பார்த்தவரைப் போல.

“இது முப்பது.”

பத்மநாபன் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு பரீத் பாயைப் பார்த்தார். “துரு பிடிக்காதோ?” என்று கேட்டார்.

“ரெண்டு கோட்டு அடிச்சிக்கிறேன் சார். காத்து அடிச்சா அசையாது.”

“உச்சியிலேர்ந்து ஒரு ஒயர் தொங்குமே, அது?”

“அது கயிறு மாதிரி சார்” என்றேன் நான். இத்தனை பொய் சொன்ன பிறகு இன்னொன்று பெரிதாகத் தெரியவில்லை.

மாலைக்குள் டவர் மாடியில் நின்றது. பத்மநாபன் எதிர் அபார்ட்மெண்ட்டைப் பார்த்த மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் கீழே நெடுநேரம் நடந்தார். எந்த விசேஷமும் இல்லாத நாளில் கொடியேற்றலாமா என்று என்னிடமே வந்து கேட்டார்.

நிஜமான 599

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் பரீத் பாய் பறக்கும் ரயிலில் வந்து, மந்தைவெளி ஸ்டேஷனிலிருந்து நடந்து, ஒரு பையில் ரேடியோவோடு நேராக மாடிக்குப் போனார். லிஃப்ட் அறைக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் சின்ன அறை அவருக்கு. நான் அதற்கு நேர் கீழே, என் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் ஓரம். நடுவில் ஒரு கான்கிரீட் தளம். அங்கிருந்து அவர் இருமினால் எனக்குக் கேட்கும். ஆனாலும் ஆறு மணிக்கு முறைப்படி என்னை அழைத்தார், நானும் முறைப்படி பதில் சொன்னேன்.

காது கிழிந்தது. ஒலியைக் குறைத்தேன். இரண்டு வருடம் கழித்து அவர் கை எனக்கு முழுதாகக் கேட்டது. ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு சின்ன இழுப்பு இருக்கும், கையெழுத்தில் சுழிப்பது போல. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அவர் தட்டினார். “உங்கள் சிக்னல் 599. நிஜமான 599. இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஜெனரேட்டர் சத்தத்தில் உங்கள் ஆர் ஆர், எஃப்பி தவிர எதுவும் கேட்டதில்லை. சும்மா ஆர் ஆர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும். எச்ஐ எச்ஐ.”

முதலில் நானும் சிரித்தேன். நானும் அதேதான் செய்தேன் பாய் என்று தட்டக் கை வைத்தேன். அப்புறம்தான் அந்த ஆஸ்பத்திரிக் காலை நினைவுக்கு வந்தது.

கேட்கவில்லை. அவர் அன்றைக்கு எதையும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்காக இல்லை, வெயிலுக்காக. அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

நான் செய்தால் மரியாதை, அவர் செய்தால் மோசடியா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் ஓடவில்லை. விடுவிடென்று மாடி ஏறினேன். அவர் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டவரின் நிழல் காலில் விழ உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

“இன்னாம்மா, சிக்னல் போச்சா?”

அந்தப் பயத்தை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. சேகரிடம்கூடச் சொன்னதில்லை. “இல்ல பாய், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கினேன்.

கீயில் கை வைத்தேன். இரண்டு வருடம் முன்பு அனுப்பியதையே அதே மாதிரி, ஆனால் மெதுவாக, அனுப்பினேன். என் ஓஎம்முக்கு இன்று எட்டு மணிக்கு இதய ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது. பிறகு, இது இரண்டு வருடம் முன்பு சொன்னது, நீங்கள் பிரமாதம் என்றீர்கள் என்றும் சேர்த்தேன்.

ஆர் ஆர் வரவில்லை. எங்கேயோ பால் வண்டியின் ஹாரன் கேட்டது.

பிறகு கை வந்தது. அந்த இழுப்பு இல்லாமல், முதல் வகுப்பில் படிப்பவரைப் போல ஒவ்வோர் எழுத்தாக, ஒரு சுருக்கமும் போடாமல் வந்தது. “கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேன். நாலு கிலோமீட்டர்தான்.”

நான் அழுதேன். இரண்டு வருடத்துக்கு முன் அழ இடம் கிடைக்காமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. சேகர் சமையலறையில் இருந்தார்.

“இப்போது எப்படி இருக்கிறார்?” என்று கேட்டது கீ. கேள்விக்குறி, முழுசாக.

திரும்பிப் பார்த்தேன். சேகர் வாசற்கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கையில் டம்ளர் டவரா. படி ஏறாதீர்கள் என்று வழக்கமாக அதட்டுவேன், அன்று அதட்டவில்லை.

“உங்களுக்குக் காபி கொண்டுவருகிறார். திரும்பிப் பாருங்கள்” என்று தட்டினேன்.

மேலே நாற்காலி நகர்ந்தது. இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் எதையோ பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவது ஜன்னல் வழியே கேட்டது. அப்புறம் டவராவில் டம்ளர் உரசும் சத்தம். காபி குடிக்கிறார் என்று தெரிந்தது. சேகர் போட்ட காபி. நான் கீயின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தேன்.

“பெற்றுக்கொண்டேன்” என்றது மேலிருந்த கீ. பழைய இழுப்பு திரும்பியிருந்தது. “காபி 599.”

“ஆர் ஆர்” என்றேன். “எஃப்பி.”